உங்கள் விலாசம் யார் கையில்?

கடைக்கோ பள்ளிக்கோ சிறுபத்திரிகைக்கோ சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் டொமைன், அதாவது தளத்தின் பெயர், யாருடைய மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது?

"டிசைன் பண்ணிக் கொடுத்த தம்பி பார்த்துக்கிறார்" என்று சொல்பவர்கள்தான் அதிகம். எனக்குக் கவலை தருவதும் அந்தப் பதில்தான். டொமைனை யாரும் கிரயம் பண்ணிக்கொள்வதில்லை. டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிவு செய்ய முடியும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். கணக்கு யாருடையதோ அவருக்குத்தான் நினைவூட்டல் மெயில் போகும். அந்தத் தம்பி வேறு வேலைக்குப் போய், பழைய மெயிலைத் திறக்காமல் விட்டுவிட்டால் உங்களுக்கு எதுவுமே தெரியவராது.

மறதி யாருக்கும் வரும். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. அந்தப் பெயர் வழியாகத்தான் உள்நுழைவு நடந்ததால், அவர்களுடைய ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த வெளியாள் ஒருவர் தன் கைக்காசில் 35 டாலர் கட்டினார், சேவை திரும்பியது. எல்லாருக்கும் அப்படி ஒரு நல்ல மனிதர் வாய்க்க மாட்டார்.

டாட் காம் காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்கள் சலுகை உண்டு. பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, ஆனால் கட்டணம் பல மடங்கு. அதற்குப் பின் 5 நாள் கழித்து, முந்திக்கொள்கிறவருக்கே பெயர். இப்படி விழும் பெயர்களைக் கணினி வைத்துப் பிடிப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயருக்கு அவர்கள் ஏன் ஆசைப்பட வேண்டும்? கூகுள் தொடங்கிய நாள் முதல், ஒரு பக்கத்துக்கு மற்றவர்கள் எத்தனை பேர் இணைப்புக் கொடுக்கிறார்கள், அவர்கள் யார் என்று பார்த்து வருகிறது. நீங்கள் பல வருஷம் சேர்த்த அந்த இணைப்புகளெல்லாம் அந்த விலாசத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். பெயர் போனால் தேடலில் நீங்கள் பிடித்த இடமும் சேர்ந்து போகிறது.

அதனால் கணக்கை உங்கள் சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போடுங்கள். அதில் இருக்கும் கார்டு காலாவதியாகவில்லையா என்றும் பாருங்கள்.

இனி தேடலில் தெரிவது பற்றி. "முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம், கேரண்டி" என்று வரும் மெயில்களை நம்ப வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. பக்கத்துக்குள் மறைத்து வைக்கும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் காசு வாங்குகிறார்கள்!

உங்கள் தளத்தைத் திறந்து, பிரவுசர் டேபில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல தளங்களில் வெறும் "ஹோம்" என்றிருக்கும். தேடுகிறவர் கண்ணில் முதலில் படும் தலைப்பு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அங்கே "கைத்தறிச் சேலைகள், சின்னாளபட்டி" என்று இருந்தால், அதைத் தேடுகிறவர் உங்களைக் கண்டுபிடிக்க வழி பிறக்கும்.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இன்னொன்று. விலைப்பட்டியலைப் படமாகப் போட்டுவிட்டு, எழுத்தாக ஒரு வரிகூட இல்லாமல் விடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றிய பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியலாம். தேடுபொறிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். எத்தனையோ நல்ல கட்டுரைகள் இப்படி யார் தேடலிலும் சிக்காமல் கிடக்கின்றன. யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. தயவுசெய்து மாற்றுங்கள்.

கூகுளின் சர்ச் கன்சோலும் இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் தெரியும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

தளத்தின் பெயரையே மாற்ற நினைத்தால், பழைய பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றம் வைக்கச் சொல்லுங்கள். அதைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் ஆலோசனை. என்னைக் கேட்டால், பழைய பெயரையும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள்.