திரையில் காண முடியாத ‘சேவாசதனம்’



இவ்வாண்டு விழாவில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், இன்று எவரும் பார்க்க இயலாத ஒரு திரைப்படம். 1938-ஆம் ஆண்டில் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘சேவாசதனம்’ என்பதே அது. எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக நடித்த படம். கதையோ, நாம் குடியேறி வாழும் இவ்வடநாட்டினுடையது. காசி நகரைக் களமாகக் கொண்டு பிரேம்சந்த் எழுதிய நாவல். எஸ். அம்புஜம்மாள் அதனைத் தமிழாக்கினார்.

வரதட்சிணைக்கு வழியின்றிப் பொருந்தா மணத்தில் தள்ளப்படுகிறாள் ஒரு பெண். ஓரிரவு வீடு திரும்பத் தாமதமானதற்காகக் கணவன் அவளை வெளியேற்றிவிடுகிறான். புராணக் கதைகளே மலிந்திருந்த அந்நாளில் இதனைத் திரையிலேற்ற நெஞ்சுரம் வேண்டியிருந்தது.

அதன் பிரதி எதுவும் இதுவரை கிடைத்ததாகத் தெரியவில்லை. அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். படாவிடினும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பின் பொடியாகும். ஓடி ஓய்ந்த சுருள்களை அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கியோரும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது 1964-இல்; படம் வெளிவந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின்!

எஞ்சியவை பாடல்கள் சிலவும் பாட்டுப் புத்தகமுமே. சேகரிப்போர் இவற்றை நாடி அலைவதில் வியப்பென்ன? அக்காலப் பாட்டுப் புத்தகங்கள் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லும். காட்டவேண்டிய திரைதான் இல்லை! ஆயினும் அரிய பொருளைப் பெட்டியில் பூட்டிப் பூதம்போற் காக்கும் சேகரிப்பாளரை நாம் பாராட்டுவதற்கில்லை. பிறர் பார்க்கவும் படியெடுக்கவும் தருபவரே நமக்கு வேண்டியவர்.

நம் காலனி வீடுகளில், ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டிகள் பல பரண்மேல் உறங்குகின்றன. பழைய காகிதக்காரரை அழைக்குமுன் அவற்றை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம். பாட்டுப் புத்தகத்தில் துருவேறிய கம்பி இருப்பின் மெல்ல நீக்குக. இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வைத்திடுக. ஸ்பிரிட் கொண்டு மட்டும் துடைக்கற்க. அத்தட்டுகள் அரக்கு கலந்தவை, கரைந்துவிடும். புத்தகம் கிடைப்பின் சங்க நூலகத்திற்குக் கொணர்க. படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.