சொந்த வீட்டில் முதுமை

(வரிப்பத்தான்சேனைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இப்பகுதிக்கு முதியோர் இல்லமொன்று வேண்டுமெனச் சிலர் கேட்கின்றனர். யாருமற்றோருக்கு அது வேண்டியதே. ஆயினும் நமது முதற்கோரிக்கை அதுவன்று. முதியோரும் இயலாமையுடையோரும் பழகிய வளவிலே, தம் மக்கள் நடுவிலே வாழவேண்டும். உதவி அவர்கள் வாசலைத் தேடி வரவேண்டும்.

நமது கிழக்குக் கரை வழமையை நோக்குங்கள். மகளுக்கு மணம் பேசும்போதே வீட்டையும் சீதனமாக எழுதிக் கொடுக்கிறோம். முதுமையில் உம்மாவும் வாப்பாவும் மகளின் நிழலில் இருப்பர் என்பது அதற்குள் அடங்கிய எழுதாத ஒப்பந்தம். நெடுங்காலம் அது நம்மைக் காத்தது. ஆனால் மகள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டால்? அவளுக்கும் மூன்று பெண்மக்கள் பிறந்து, இருக்கும் வளவும் பங்கிடப்பட்டால்? வீட்டைக் கட்டியவரே அடுப்படிப் பத்தியில் பாய் விரிக்கிறார்! நடக்கவியலாத பிள்ளைக்கோ அந்த உறுதியில் இடமே இல்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடலாகாது என்கிறது. பராமரிப்புச் சபையில் முறையிடவும் வழிவிடுகிறது. நல்லது. ஆயினும் பெற்ற மகள்மீது முறையிட எந்த உம்மா படியேறுவார்? ஆதலின் கலியாணத்துக்கு முன்பே விழித்துக்கொள்ளுங்கள். உறுதி எழுதும்போது சீவிய உரித்தை உங்களுக்கென ஒதுக்கி எழுதுங்கள். வீடு மகளுக்கே, உயிருள்ளவரை அதில் இருக்கும் உரிமை உங்களுக்கு. இயலாத பிள்ளைக்கும் குடியிருக்கும் உரிமை எழுதலாம். நொத்தாரிசு சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். சட்டத்தரணி நண்பர்கள் அந்த ஒரு வரிக்குத் தனிக்கட்டணம் கேளாதிருந்தால் இன்னும் நன்று.

அரசாங்கத்தின் கடமையும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய இயலாமையுடையோர் உரிமைச் சாசனத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாருடன் வாழ்வதென்பதை அவர்களே தெரிந்துகொள்ளலாம் என்கிறது. இலங்கை அதனை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும பணம் தருகிறது. குளிப்பாட்டவும் மலசலகூடத்துக்குத் தாங்கிச் செல்லவும் ஒரு கை தருவதில்லை. அந்தக் கையைத்தான் கேட்கிறோம். ஊர்ப் பெண்களும் இளைஞரும் பயிற்சியும் ஊதியமும் பெற்று வீடுவீடாகச் செல்லட்டும். யார் யாருக்கு உதவி வேண்டுமெனப் பிரதேச செயலகம் கணக்கெடுக்கட்டும்.

பள்ளிவாசலில் ஒழு எடுக்குமிடத்தில் ஒரு சாய்வுப் பாதையும் கைப்பிடியும் அமைக்கக் கொழும்பிலிருந்து கடிதம் வரவேண்டியதில்லை. வேளாண்மை வெட்டு முடிந்ததும் நாமே கட்டலாம்.