மஞ்சளை மீட்டது எது?

நடுவர் அவர்களே! சட்டம் படிக்க ஏடே போதும் என்று எதிரணி நண்பர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொன்ன ஊருங்க இது!

நான் தமிழ் வாத்தியார். சட்டம் என் பாடமில்லை. ஆனா மஞ்சள் என் வீட்டுச் சரக்கு. புண்ணுக்கு மஞ்சள் வைக்கத் தெரியாத பாட்டி உண்டா? அதற்குப் போய் 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்!

பழைய சங்கதிக்குக் காப்புரிமை கிடையாது என்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கு. இருந்து என்ன செய்ய? "எங்க பாட்டி பூசினாங்க" என்றால் அந்த ஊர்ச் சட்டம் அன்று ஏற்காது; வெளிநாட்டு வழக்கத்துக்கு அச்சில் சான்று கேட்கும். நம் நாட்டு அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைத் தேடியெடுத்து நீட்டியது. 1997-இல் காப்புரிமை ரத்து!

"சான்று ஏட்டில்தானே இருந்தது?" என்று நண்பர் மடக்குவார். இருந்ததய்யா! எந்த ஏட்டை, எந்தக் கேள்விக்கு, யார் முன்னால் நீட்டணும்? அந்த வித்தை பரீட்சை எழுதினா வருமா?

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே 2008-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த சட்டக் கல்லூரிகளின் மாணவர்கள், ஆசிரியர் மேற்பார்வையில், நிஜமான கட்சிக்காரருக்கு விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்யலாம். கட்சிக்காரருக்கு வக்கீல் ஃபீஸ் மிச்சம். மாணவருக்குக் கைப்பழக்கம் லாபம்!

நாளைக்கு இன்னொரு பாட்டி வைத்தியத்துக்கு எவரோ உரிமை கேட்டால், மார்க் ஷீட்டைக் காட்டியா மீட்பீர்கள்? ஆகவே, சட்டம் கற்கப் பெரிதும் துணை அனுபவமே, அனுபவமே என்று கூறி அமர்கிறேன்.