மிடறும் சொல்லும்: தொண்டைப்பைக்கான உள்நோக்குச் சிகிச்சைகள்



மொழியியல் கற்றவர்க்கு மருத்துவப் பொருளில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எழுத்துகள் பிறக்கும் இடங்களை எண்ணும் தொல்காப்பியப் பிறப்பியல், தலையோடும் நெஞ்சோடும் மிடற்றையும் சேர்த்தே சொல்கிறது. அதே மிடறு நம் வழக்கில் ஓர் அளவுப் பெயராகவும் நிற்கிறது. 'ஒரு மிடறு தண்ணீர்' என்கிறோம். ஒலி பிறக்கும் இடத்தின் பெயரே விழுங்கும் அளவுக்கும் பெயராயிற்று. அந்த மிடற்றின் அடியில், முதுமையில் சிலருக்குத் தோன்றும் ஒரு பையைப் பற்றியும் அதற்குரிய சிகிச்சைகளைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறோம்.

தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை உண்டு. ஓய்வில் அது மூடியிருக்கும். விழுங்கும் நொடியில் மட்டும் திறக்கும். வயது ஏற ஏறச் சிலருக்கு அத்தசை இளகிக் கொடுப்பதில்லை. மேலிருந்து தள்ளப்படும் உணவு அழுத்தத்தை உண்டாக்க, பின்சுவரில் இரு தசைகளுக்கு இடையே உள்ள மெலிந்த பகுதி வழியாக உட்தோல் பிதுங்கிப் பையாகிறது. அம்மெலிந்த பகுதிக்குக் கில்லியன் முக்கோணம் என்று பெயர். நோய்க்குச் 'சென்கர் பக்கப்பை' என்று பெயர். ஆயினும் 1877-இல் சென்கரும் சீம்சனும் விரித்து எழுதுவதற்கு நூறாண்டுக்கும் முன்பே, இங்கிலாந்தின் லட்லோ இதை விவரித்துவிட்டார். பெயர் சூட்டுவதில் மருத்துவ உலகமும் நியாயம் பார்ப்பதில்லை.

பை, உணவுக்குழாயின் பின்னால் தொங்குகிறது. உண்டதில் ஒரு பகுதி குழாய்க்குள் போகாமல் பைக்குள் விழுகிறது. இரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும்கூட அங்கே தங்கிவிடலாம். மருந்தை ஒழுங்காக விழுங்கியும் பயன் இல்லையே என்று குடும்பம் திகைக்கும்.

இனி நம் துறைக்கு உரிய பகுதி. சிராங்கூன் சாலையருகே வாழும் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இந்நோயுடன் பலதுறை மருந்தகத்துக்குப் போவதாகக் கொள்வோம். துணைக்கு வருவது பேரப்பிள்ளை. பாட்டி 'சாப்பிட்டதெல்லாம் எதுக்களிச்சு வருது' என்கிறார். பிள்ளைக்கு அச்சொல் தெரியாது. 'வாமிட்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறது. இங்கேதான் சிக்கல். வாந்திக்கு முன் குமட்டல் உண்டு, வயிறு புரளும், வருவதில் புளிப்போ கசப்போ இருக்கும். எதுக்களிப்பு அப்படியன்று, முயற்சியின்றி உண்டது தானே மேலேறி வரும். பையிலிருந்து வருவது இரைப்பையையே காணாத உணவு. ஆதலால் சில மணி நேரம் கழித்தும் செரியாமல், பருக்கை பருக்கையாக வரும். தலையணையில் இரவுச் சோறு கிடப்பதைச் சிலர் காலையில் காண்பர். இவற்றோடு புரையேறுதல், வாய்நாற்றம், கழுத்தில் 'களகள' என்னும் ஓசை ஆகியவையும் சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. வாந்தி என்று கேட்ட மருத்துவர் இரைப்பையை நோக்கி நேரே எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்த முற்படலாம். பை இருப்பது தெரியாமல் குழாய் அதற்குள் நுழைந்தால் மெல்லிய சுவர் கிழியக்கூடும். எதுக்களிப்பு என்று கேட்டவரோ முதலில் பேரியம் கலந்த நீரை விழுங்கச் சொல்லி ஊடுகதிர்ப் படம் எடுப்பார். படத்தில் பை தெளிவாகத் தெரியும். ஐரோப்பாவின் வடபகுதியோடு ஒப்பிட ஆசியாவில் இந்நோய் அரிது. மருத்துவர் அடிக்கடி காணாத நோய் என்பதால் நோயாளியின் சொல்லுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

சிகிச்சைகளுக்கு வருவோம். உள்நோக்கு முறைகள் அனைத்துக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே. பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சுவர் இருக்கிறது. இளக மறுத்த அத்தசை அச்சுவருக்குள்தான் இருக்கிறது. சுவரை வெட்டினால் தசையும் தளரும், இரு அறைகளும் ஒன்றாகும். பையை எடுப்பதில்லை, அதற்குள் விழுந்தது குழாய்க்குள் வழிந்தோட வழி செய்கிறார்கள். பாஸ்டனில் மோஷர் 1917-இல் இதை முதலில் வெளியிட்டார். நோயாளி ஒருவர் இறந்தபின் கைவிட்டார். 1960-இல் டோல்மனும் மாட்சனும் மின்சூட்டால் வெட்டி அதை மீட்டெடுத்தனர்.

1993-இல் ஸ்டேப்ளர் வந்தது. விறைப்பான, ஈரிதழ் உள்ள உள்நோக்கியில் ஓர் இதழ் உணவுக்குழாயிலும் மற்றொன்று பையிலும் அமரும். நடுவில் அகப்பட்ட சுவரைக் கருவி வெட்டும்போதே இருமருங்கும் ஊசிகளால் தைத்துவிடும். விளிம்பு மூடப்படுவதால் கசிவும் குருதிப்போக்கும் குறைவு. நோயாளி விரைவில் வீடு திரும்புகிறார். குறை கருவியின் நுனியில் இருக்கிறது. நுனி கடைசி வரை வெட்டாது. அடியில் சிறிது சுவர் எஞ்சும். பை மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவாயின் கருவி ஒழுங்காக அமர்வதே அரிது. அத்தகைய பைக்குக் கரியமிலவாயு லேசர் ஏற்றது. நுண்ணோக்கியில் பார்த்தபடி இழை இழையாக அடிவரை அறுக்கலாம். ஆனால் அறுத்த விளிம்பு தைக்கப்படுவதில்லை.

இவ்விரண்டுக்கும் முழு மயக்கம் வேண்டும், கழுத்தைப் பின்னால் நன்கு வளைக்க வேண்டும், வாய் அகலத் திறக்க வேண்டும். நம் பாட்டிமார் பலருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும், தாடையும் ஒத்துழைக்காது. அவர்களுக்காகவே வளையும் குழாய் முறை 1995-இல் பிரேசிலிலும் நெதர்லாந்திலும் இருந்து வெளியாயிற்று. வழக்கமான இரைப்பைச் சோதனைக் குழாயே போதும். கழுத்தை வளைக்க வேண்டியதில்லை. பலருக்கு அரைமயக்கத்திலேயே செய்துவிடலாம். அளவறிதலே இதில் இடர். அதிகம் வெட்டினால் மார்பின் நடுப்பகுதி திறந்துகொள்ளும். குறைத்து வெட்டினால் நோய் திரும்பும். திரும்பினால் மீண்டும் செய்வது எளிது என்பது ஓர் ஆறுதல்.

அந்த அளவுச் சிக்கலைத் தீர்க்க எழுந்ததே சுரங்க முறை. ஜப்பானில் இனோவே 2008-இல் வேறொரு விழுங்கல் நோய்க்குக் கையாண்ட உத்தியை 2016 முதல் இப்பைக்கும் பயன்படுத்துகிறார்கள். உட்தோலில் சிறு வாயில் கீறி, அதனடியில் சுரங்கம் அமைத்து, தசையைக் கண்ணால் கண்டு முழுமையாக வெட்டி, வாயிலைக் கவ்விகளால் மூடுகிறார்கள். கருத்தளவில் இது நேர்த்தியானது. எனினும் நெடுங்கால முடிவுகள் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. குறுகிய இடத்தில் சுரங்கம் தோண்டத் தேர்ந்த கை வேண்டும். புதியது என்ற ஒன்றுக்காகவே இதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

கழுத்து வளையும், பை பெரிது, உடல்நலம் நன்று எனில் ஸ்டேப்ளர் நல்ல தெரிவு. கழுத்து வளையாத முதியவர்க்கு வளையும் குழாய். எதுவும் பொருந்தாதவர்க்குக் கழுத்தின் வழியாகச் செய்யும் பழைய அறுவை இன்றும் உண்டு. 'இம்முறையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று மருத்துவரைக் கேட்பது அவமரியாதையாகாது. அரிய நோயில் கைப்பழக்கமே பாதிச் சிகிச்சை.

இதையெல்லாம் பாட்டிக்கு எந்தத் தமிழில் சொல்வது? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிட்டார். ஸ்டேப்ளரை ஸ்டேப்ளர் என்றே சொல்லலாம். பாட்டிக்கு அது தெரியும். சுவர், பை, சுரங்கம் ஆகியவை அவருடைய சொற்களே. கையொப்பம் இடுவதற்குமுன் 'என்ன செய்யப்போகிறார்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியதையும் அவர் சொல்லிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லும் வரை கஞ்சி, கூழ், பிறகு குழைந்த சோறு. காய்ச்சல், நெஞ்சிலோ முதுகிலோ வலி, மூச்சுத்திணறல், கழுத்துத் தோல் வீங்கித் தொட்டால் 'நறநற' என்னும் உணர்வு, இவற்றில் ஒன்று தோன்றினாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்கலாகாது. அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.