துண்டுத் துணியில் ஒரு கதை



பொம்மனஹள்ளி பெங்களூரின் தெற்கே, ஓசூர் சாலையில் இருக்கிறது. இங்கே கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் பலர். சட்டைக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி எதற்கு உதவும்? அதைக் கொண்டு கதை சொல்லும் படம் தைக்கலாம்.

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. 1973-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பலரை இழுத்துச் சென்றது. அவர்களில் பலர் திரும்பவே இல்லை. வாய் திறந்து கேட்க முடியாத காலம். தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணிமேல் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். "அவர்கள் எங்கே?" என்று நூலால் எழுதினார்கள். அந்தப் படங்கள் வெளிநாடுகளுக்குப் போயின. நடந்ததை உலகம் அறிந்தது.

பொம்மனஹள்ளிக்கும் ஒரு கதை உண்டு. வேலையை விட்டாலும் பி.எஃப். பணம் முழுவதையும் 58 வயதில்தான் எடுக்கலாம் என்று 2016-ல் மத்திய அரசு விதி போட்டது. ஏப்ரல் 18-ல் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலைக்கு வந்தார்கள். மறுநாளே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் கதையை அந்தப் பெண்களே தைத்து வைக்கலாம்.

செய்முறை எளிது. கெட்டித் துணி ஒன்றை விரியுங்கள். சாக்கட்டியால் சாலை, பஸ், ஆட்களை வரையுங்கள். துண்டுகளை அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தையுங்கள். சாலைக்குச் சாக்குத் துணி, தலைமுடிக்குக் கம்பளி நூல், சக்கரத்துக்குப் பட்டன். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சும் நடக்கும், வேலையும் நடக்கும்.

கடைசியில் உங்கள் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதுங்கள். தொழிற்சாலைச் சட்டையில் கம்பெனியின் பெயர் இருக்கும். இந்தப் படத்தில் தைத்தவர் பெயர் இருக்கட்டும்.