துறைமுகப் படம்: வர்ணமா, கறுப்பு வெள்ளையா?

[இளைஞர் சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு]



கமெராவைத் தூக்கிக்கொண்டு துறை துறையாக அலைபவன் நான் என்பதை அறிந்த உங்கள் செயலாளர், துறைமுகப் படங்களைப் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு பணித்தார். முன்மண்டபத்தில் நீங்கள் வைத்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டே வருகிறேன். பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. காரணம் கேட்டேன். “அப்பதான் கலை மாதிரித் தெரியுது, ஐயா” என்றார் ஒரு தம்பி. அந்த விடையைப் பற்றியே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

நம் முன்னோர் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், நம் மாலுமிகளுடன் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கொடாக்குறோம் என்ற வர்ணப் பிலிம் 1935இலேயே வெளிவரத் தொடங்கியிருந்தாலும், நம்மவர் கைக்கு அது எட்டவில்லை. அக்கப்பலின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள். பாய்மரமும் கயிறும் வளைந்த அணியமும் தெளிவாய்த் தெரிகின்றன. வடிவத்தைச் சொல்லக் கறுப்பு வெள்ளைக்கு நிகரில்லை. ஆனால் அதன் பக்கப் பலகைக்குப் பூசிய வர்ணம் எது என்று கேட்டால் படம் வாய்திறவாது. கணினி இன்று நிறம் பூசிக் கொடுக்கிறதே என்பீர்கள். அது ஊகம், சாட்சியம் அன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். மயிலிட்டி மக்கள் 1990இல் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய துறைமுகம் 2017இலேயே திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டுகள்! உங்கள் கண்காட்சியில் அத்துறையின் படமொன்று உண்டு: வள்ளங்கள், வலைக் குவியல், வலை தெரியும் ஒரு முதியவர். அழகான படம். ஆயினும் என் பக்கத்தில் நின்ற ஒருவர், “இது இடம்பெயர முந்தி எடுத்ததோ?” என்று கேட்டார். அப்போது என் மனம் திடுக்கிட்டது. திரும்பி வந்து தொழில் செய்யும் மனிதரை அந்தப் படம் பழங்காலத்தவராக்கிவிட்டது. பச்சை, நீல நைலோன் வலைகளும், புது வர்ணம் பூசிய வள்ளங்களும் ‘இது இன்று’ என்று சொல்லியிருக்கும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிப்போனதால் வலை எது, மிதவை எது என்பதும் மறைந்துவிட்டது. உயிரோடிருக்கும் துறையை நினைவுச்சின்னமாக்கும் உரிமை நமக்கில்லை.

அப்படியானால் கறுப்பு வெள்ளை வேண்டாமா? வேண்டும். வாடைக் காலத்தில் பருத்தித்துறைக்குப் போய் நில்லுங்கள். வானும் கடலும் ஒரே சாம்பல். மிஞ்சுவது அலையின் வெண்மையும் கல்லின் கருமையுமே. அங்கே வர்ணம் எதையும் கூட்டித் தருவதில்லை. கயிறு பிடித்துத் தழும்பேறிய கையைக் கிட்ட நின்று எடுக்கும்போது, பின்னால் கிடக்கும் பிளாஸ்ரிக் வாளியின் சிவப்புக் கண்ணை இழுக்குமானால், வர்ணத்தை நீக்குவதே முறை. காரணம் இருக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று. என் பாட்டனார் ஊர்காவற்றுறைப் பாலத்தடியில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் தெளிவாயிருக்கிறது. மாமா பிற்காலத்தில் அதே இடத்தில் எடுத்த வர்ணப்படமோ செம்மஞ்சளாகிவிட்டது. முன்னதில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள், பின்னதில் சாயம். வெயிலும் வெக்கையும் சாயத்தைத் தின்னும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. இன்றைய டிஜிற்றல் கோப்பு மங்காது. ஆனால் கைத்தொலைபேசி கெட்டால் ஒரே கணத்தில் எல்லாம் போய்விடும்.

ஆதலால் தம்பிமாரே, தங்கைமாரே, எப்போதும் வர்ணத்திலேயே எடுத்து, மூலத்தை இரண்டு இடங்களில் சேமியுங்கள். வர்ணத்தைப் பின்னர் நீக்கலாம். நீக்கியதை மீட்க முடியாது. நல்ல படத்தைத் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் இடம், திகதி, வள்ளத்தின் பெயர், மனிதர் சம்மதித்தால் அவர் பெயர் எழுதுங்கள். இடம்பெயர்வில் அல்பம் இழந்த வீடுகள் எத்தனை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எடுக்கும் படம் நாளை அவர்கள் பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கும்.

‘கலை போலத் தெரிகிறதா’ என்பதற்கு முன், ‘இவர் பார்த்தால் தம்மை அடையாளம் காண்பாரா’ என்று கேளுங்கள். அந்த முதியவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அவர் சொன்னதை எனக்குச் சொல்லுங்கள்.