எல்லைக்கோடும் ஈரமும்

கொடைக்கானல் என்றதும் ஏரி, தூண்பாறை, குணா குகை எல்லாம் உங்கள் நினைவில் தாமாகவே வந்துவிடும். அவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கு மட்டும் ஒரு வரி. அது உருவான அதே 1863இல்தான், சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம் என்ற ராணுவ அதிகாரி தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு நூலாக வெளியிடத் தொடங்கினார். பிறகு, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த வி. எஸ். மாணிக்கம் பழனிமலைப் பெரணிகளுக்கென்றே ஒரு தனி நூலை 1986இல் கொண்டுவந்தார். அறிஞர்கள் இவ்வளவு உற்றுப் பார்த்த செடிகள்தான். ஆனால் பூக்காது, காய்க்காது, அதனால் மலையேறி வருகிறவர் கண்ணில் படாது. 2013இல் இங்கே 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டெருமைக்கு அந்த எல்லைக்கோடு நல்ல காப்பு. பெரணிக்கு அது பாதிக் காப்புதான் என்கிறேன். மீதிப் பாதி ஈரம். அதை எந்த அரசாணையாலும் அறிவித்துவிட முடியாது.

சோலைக்காட்டுக்குள் போவதற்கு முன், வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலையின் ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். சாலைக்காக வெட்டிய மண்சரிவில் வெள்ளிப் பெரணி வளர்ந்திருக்கும். இலையின் அடியில் வெள்ளை மாவு பூசினாற்போல இருக்கும். புறங்கையில் வைத்து அழுத்தினால் இலையின் வடிவம் அப்படியே பதியும். மலையூர்ப் பிள்ளைகளுக்கு இது காசில்லாத பச்சைகுத்து. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் இப்போது புறங்கையைத் தடவிப் பார்த்திருப்பீர்கள்! இது நம் மலைச்செடி இல்லை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே குடியேறியது. 1883இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தது; தீவில் மிஞ்சியது சாம்பல். மூன்று ஆண்டு கழித்து, 1886இல் ட்ரூப் என்ற தாவரவியலாளர் போய்ப் பார்த்தபோது அங்கே 11 வகைப் பெரணிகள் முளைத்திருந்தன. அவற்றுள் இந்த வெள்ளிப் பெரணியும் ஒன்று. கடல் கடந்து காற்றில் வந்த ஸ்போர் என்னும் வித்துகள் செய்த வேலை அது. உடனே ஒரு கேள்வி எழும்: சாம்பல் மேட்டிலேயே மூன்று ஆண்டில் முளைக்கிற செடிக்குச் சரணாலயம் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே முதலில் வந்தவை எவை என்று பார்க்க வேண்டும். வெயிலைத் தாங்குகிற, திறந்தவெளிப் பெரணிகள்தான் முந்திக்கொண்டன. நிழலை நம்பி வாழ்பவை, தீவில் மரங்கள் வளர்ந்து காடு மூடிய பிறகே வந்து சேர்ந்தன. வித்து எல்லா இடத்துக்கும் போகும். விழுந்த இடம் அதை வாழவிட வேண்டுமே.

வித்து விழுந்ததும் பெரணி முளைத்துவிடுவதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். முதலில் முளைப்பது நகத்தளவுகூட இல்லாத ஒரு பச்சைத் தகடு. அதன் அடிப்பக்கத்தில் ஆணணுவும் பெண்ணணுவும் உண்டாகின்றன. ஆணணு நீரில் நீந்தித்தான் பெண்ணணுவை அடைய முடியும். ஒரு மெல்லிய நீர்ப்படலம் போதும், ஆனால் அது அந்த நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும். கோடை வெயில் நேரே விழும் சரிவில் எத்தனை லட்சம் வித்து விழுந்தாலும் சோலைப் பெரணிக்கு அது மலட்டு நிலம். சோலைப் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் ஒட்டிக்கிடக்கும் சவ்வுப் பெரணிகளின் பாடு இன்னும் கடினம். அவற்றின் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம், இலைத்துளைகள் கிடையாது, நீரை இலைப்பரப்பே நேராக உறிஞ்சும். காற்று உலர்ந்தால் உடனே சுருண்டுவிடும். பெரணிகளோடு சேர்த்துப் படிக்கப்படும் லைக்கோபோடியம் இனங்கள் பலவற்றில், வித்து முளைத்தபின் வரும் அந்த இளம்பருவம் மண்ணுக்கடியிலேயே, பூஞ்சையின் உதவியோடு, ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அந்த மண்ணை ஒருமுறை கிளறிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

“வனத்தில் எங்கு பார்த்தாலும் பெரணி மண்டிக் கிடக்கிறதே, அதற்குக் காப்பு போதவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று சிலர் மடக்கலாம். மண்டிக் கிடப்பது எது என்பதே பதில். திறந்த சரிவுகளில் இடுப்பளவுக்கு வளர்வது பிராக்கன் என்ற பெரணி. அதன் தண்டு மண்ணுக்குள் ஆழமாக ஓடுவதால் தீ வைத்தாலும் மறுபடி துளிர்க்கும். அதில் நச்சு இருப்பதால் மாடும் அதைத் தின்று அழித்துவிடாது. அது செழித்திருக்கும் இடம் பலமுறை வெட்டப்பட்டதாகவோ எரிக்கப்பட்டதாகவோ இருக்கும். ஆகவே பெரணிகளை எண்ணிக்கையால் அளப்பது வீண். எந்தப் பெரணி என்று பார்க்க வேண்டும். பாறையில் சவ்வுப் பெரணியும் ஓடையோரத்தில் மரப்பெரணியும் இருந்தால் அந்தச் சோலையில் நீர் நிற்கிறது என்று நம்பலாம்.

பயன் இருந்தால் மக்களே காப்பாற்றுவார்கள் என்பது இன்னொரு வாதம். கொல்லிமலைக்குப் போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடித்திருப்பீர்கள், மிளகு தூக்கலாக, மூட்டுவலிக்கு நல்லது என்ற சிபாரிசோடு. பழுப்பு ரோமம் மூடிய அந்த ஆட்டுக்கால் ஒரு பெரணியின் தண்டு. அதற்கு இருவகை இலைகள்: பச்சை இலை வெயிலுக்கு, காய்ந்த கூடை போன்ற இலை, விழும் சருகைப் பிடித்துத் தனக்கே மண் சேர்த்துக்கொள்ள. இவ்வளவு பொறுமையாகச் சேர்த்து வளர்ந்த தண்டைப் பெயர்த்தால்தான் சூப். பயனால் அதற்குக் கிடைத்தது சந்தை, காப்பு கிடைக்கவில்லை.

கொடைக்கானலில் இன்று எழுந்திருக்கும் கேள்வி சீகை மரங்களைப் பற்றியது. புல்வெளிகளில் ஆங்கிலேயர் காலத்திலும் பிறகும் நட்ட அயல்மரங்கள் இவை. புல்வெளியை மீட்க அவற்றை அகற்ற வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் சோலையை ஒட்டிய இடங்களில் அந்த அயல்மர நிழலிலேயே சோலைமரக் கன்றுகள் எழுந்துவருகின்றன. ஓடையோரத்தில் ஒரே மூச்சில் வெட்டினால் வெயில் பாறை வரைக்கும் இறங்கும். அடுத்த மழைக்கு முளைத்து நிற்பது பிராக்கனாகத்தான் இருக்கும். அங்கே மட்டும் கன்றுகள் தலைக்குமேல் வளரும்வரை வனத்துறை அரிவாளை ஓரமாக வைத்திருக்கலாம்.